இருபத்து மூன்று கிராமுக்கு ஐந்து லட்சம் டாலர்: பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை, 2025 நவம்பர் 15 அன்று, லண்டன் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் மைதானத்தில் கிறிஸ் யூபேங்க் ஜூனியரும் கானர் பென்னும் இரண்டாம் முறையாக மோதுகிறார்கள். உங்களுக்கு அது இரவு பத்து மணி. எங்களுக்கு ஞாயிறு விடியற்காலை மூன்றரையைத் தாண்டிவிடும். அதற்காகச் சனிக்கிழமை மாலையே தூங்கிவிட்டு அலாரம் வைத்து எழும் கூட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. நானும் அதில் ஒருவன். கார்டிஃபில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிப்பவர் யாரும் இருக்கமாட்டார் என்று தெரியும். ஆனால் இந்தக் கூட்டம் படிக்கும். உங்களிடம் கேட்க வேண்டியதை அவர்கள் முன்னால் கேட்கிறேன்.

ஒரு பெரிய போட்டிக்கு முந்தைய வாரத்தில் ரசிகர்கள் என்ன பேச வேண்டும்? யாருடைய இடது கை வேகம், யாருக்குத் தாடை பலம், பன்னிரண்டாவது சுற்றில் யாருக்கு மூச்சு மிச்சமிருக்கும், இதைத்தானே? இந்தப் போட்டிக்கு அப்படி இல்லை. ஏப்ரலில் நடந்த முதல் போட்டிக்கும் சரி, இப்போதும் சரி, எங்கள் ஆட்கள் பேசுவதெல்லாம் எடையைப் பற்றித்தான். வெள்ளிக்கிழமை தராசில் யூபேங்க் 160 பவுண்டுக்குள் வருவாரா, சனிக்கிழமை காலை 170க்குள் இருப்பாரா, முகம் ஒட்டிப்போயிருக்கிறதே, உதடு வெடித்திருக்கிறதே என்று ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவரின் அப்பாக்களும் எதிரிகள். 1990இல் பர்மிங்காமில் கிறிஸ் யூபேங்க் சீனியர் ஒன்பதாவது சுற்றில் நைஜல் பென்னை வீழ்த்தினார். 1993இல் ஓல்டு டிராஃபோர்டில் நடந்த இரண்டாவது போட்டி சமனில் முடிந்தது. மகன்கள் மோதப்போகிறார்கள் என்று 2022இல் அறிவிப்பு வந்தபோது எடை 157 பவுண்டு என்று பேசியிருந்தார்கள். யூபேங்க் ஜூனியர் மிடில்வெயிட் என்ற எடைப் பிரிவுக்காரர், அதன் எல்லை 160. மூன்று பவுண்டுதானே என்று நாம் நினைக்கலாம். சீனியர் நினைக்கவில்லை. இது என் மகனின் உயிரோடு விளையாடுவது என்று சத்தம் போட்டார். அப்புறம் பென்னின் ஊக்கமருந்துச் சோதனையில் க்ளோமிஃபீன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து வந்தது. போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில், குத்துச்சண்டையின் நலனுக்கு உகந்ததல்ல என்று சொல்லி நீங்களே தடுத்தீர்கள். அன்று உங்களுக்குக் கைதட்டியவர்களில் நானும் உண்டு. பென்னின் வழக்கு 2024 நவம்பரில்தான் முடிந்தது, அவருக்குச் சாதகமாக.

2025 ஏப்ரல் 26க்கு மறுபடி தேதி வைத்தபோது எல்லை 160 ஆனது. சரி, மிடில்வெயிட்காரர் மிடில்வெயிட்டில் சண்டை போடுகிறார், இனி என்ன தகராறு என்று தோன்றும். தகராறு ஒப்பந்தத்தின் இன்னொரு வரியில் இருந்தது. வெள்ளிக்கிழமை எடை பார்த்த பிறகு, சனிக்கிழமை காலை மறுபடி எடை பார்ப்பார்கள். அப்போது 170 பவுண்டுக்கு மேல், அதாவது 77 கிலோவுக்கு மேல், இருக்கக் கூடாது. இதற்குப் பெயர் ரீஹைட்ரேஷன் நிபந்தனை. வற்றவைத்த உடம்புக்குள் எவ்வளவு தண்ணீர் திரும்பப் போகலாம் என்பதற்கு வக்கீல்கள் போட்ட கணக்கு.

அந்த வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் முறை தராசில் ஏறியபோது யூபேங்க் 160.2. கொஞ்ச நேரம் கொடுத்தார்கள், போய் வியர்த்துவிட்டு வந்தார், 160.05. மிஞ்சியது 0.05 பவுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் 23 கிராம்கூட முழுசாக இல்லை. சமையலறையில் இருக்கும் மேசைக்கரண்டியால் ஒன்றரைக் கரண்டி தண்ணீர். அதற்கு அபராதம் ஐந்து லட்சம் டாலர். அந்தப் பணம் எதிர்த் தரப்புக்கு.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், பிப்ரவரியில், செய்தியாளர் சந்திப்பில் பென்னின் கன்னத்தில் யூபேங்க் ஒரு முட்டையை அறைந்து உடைத்தார். பென்னின் சோதனை முடிவுக்கு அதிகமாக முட்டை சாப்பிட்டது காரணமாக இருக்கலாம் என்று உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் சொல்லியிருந்ததல்லவா, அதைக் குத்திக்காட்டத்தான். அதற்கு நீங்கள் விதித்த அபராதம் ஒரு லட்சம் ஸ்டெர்லிங் பவுண்டு. முட்டைக்கு விதி இருக்கிறது. நடத்தை சரியில்லை என்று கூப்பிட்டு விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதன் பன்னிரண்டு சுற்று அடி வாங்கப்போகும் நாளன்று அவன் உடம்பில் எவ்வளவு நீர் இருக்கலாம் என்பதை மட்டும் போட்டி நடத்தும் புரமோட்டர்களின் பேரத்துக்கு விட்டுவிட்டீர்கள். என்னுடைய மனக்குறை மொத்தமும் இதுதான்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பென்னின் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள். பென் வெல்டர்வெயிட்காரர். அவர் பழகிய எல்லை 147 பவுண்டு. இரண்டு பிரிவு தாண்டி மேலே வருகிறார். வெள்ளிக்கிழமை 160 காட்டிவிட்டு சனிக்கிழமை இரவு 180 பவுண்டு ஆளாக எதிரில் வந்து நின்றால் அது என்ன நியாயம் என்று அவர் தரப்பு கேட்பது வீண் பயமில்லை. 2000 பிப்ரவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆர்ட்டுரோ காட்டியும் ஜோயி கமாஷும் மோதியபோது எல்லை 141 பவுண்டு. சண்டை நாளன்று காட்டி 160 பவுண்டு அளவுக்கு ஊறியிருந்தார். இரண்டாவது சுற்றில் கமாஷ் விழுந்தார். மூளையில் காயம், அதோடு அவர் வாழ்க்கையில் குத்துச்சண்டை முடிந்தது. நியூயார்க் மாநில ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டார். எடை பார்த்ததில் ஆணையம் கவனக்குறைவாக இருந்தது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் காயத்துக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று இழப்பீடு கொடுக்கவில்லை.

ஆகவே, மறுநாள் எடை பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அது யாருக்காக, எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு தன் பட்டப் போட்டிகளில் மறுநாள் காலை பத்து பவுண்டு வரம்பு வைத்திருக்கிறது. அது எழுதிவைத்த விதி. 2017இல் கோலோவ்கினோடு மோதிய டேனியல் ஜேக்கப்ஸ் அந்த மறுநாள் எடை பார்ப்பதற்கே வரவில்லை. அந்தப் பட்டம் அவருக்கு இல்லை என்றார்கள், அவ்வளவுதான். அதே ஜேக்கப்ஸ் 2019 மே மாதம் கனெலோ ஆல்வரெஸோடு மோதியபோது 170 பவுண்டு என்பது ஒப்பந்த நிபந்தனையாக இருந்தது. காலையில் மூன்றரை பவுண்டுக்கும் மேல் கூடுதலாக வந்தார், பணம் கட்டினார், இரவு வளையத்தில் ஏறினார். 170 பவுண்டு தாண்டுவது உடம்புக்கு ஆபத்து என்றால் பணம் கட்டியதும் அந்த ஆபத்து எங்கே போயிற்று? ஆபத்து இல்லையென்றால் அந்த வரி எதற்கு?

எதற்கு என்று ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர் பெரியவன் எடையைச் சொல்வான், மற்றவன் இறங்கிவருவான். 1988இல் சுகர் ரே லெனர்டு, டானி லலோண்டை 168க்கு இறக்கினார். லலோண்டு லைட் ஹெவிவெயிட் சாம்பியன், அந்தப் பிரிவின் எல்லை 175. 2009இல் பாக்கியாவ், வெல்டர்வெயிட் பட்டம் வைத்திருந்த கோட்டோவை 145க்கு இறக்கினார். 2013இல் மேவெதர், 23 வயது கனெலோவை 152க்கு இறக்கினார். பிரிவின் எல்லையை விட்டுவிட்டு பேசிவைத்த எடையில் மோதும் கேட்ச்வெயிட் என்ற இந்தப் பழக்கம் ஒன்றும் புதிதில்லை. ரீஹைட்ரேஷன் நிபந்தனை அதன் அடுத்த அவதாரம். 2023 ஏப்ரலில் ஜெர்வான்டா டேவிஸ், ரயன் கார்சியாவை 136க்கு இறக்கியதோடு விடவில்லை. மறுநாள் காலை 146க்கு மேல் ஏறக்கூடாது என்றும் எழுதி வாங்கினார். ஏழாவது சுற்றில் வயிற்றுப் பக்கம் விழுந்த ஒரே அடியில் கார்சியா முட்டிபோட்டு உட்கார்ந்து எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. அந்த அடி எவரையும் உட்காரவைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இல்லையா? வென்றவருக்கும் அது அவமானம்தான்.

இங்கே உடல் சமாசாரத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். கடைசி வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, நீர். உப்பைக் குறைப்பார்கள், மாவுச்சத்தைக் குறைப்பார்கள், முதலில் நிறையத் தண்ணீர் குடித்துச் சட்டென்று நிறுத்துவார்கள், வெந்நீர்த் தொட்டியில் கிடப்பார்கள், காற்றுப் புகாத உடையைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ஒரு காலத்தில் போட்டி நாள் காலையில்தான் எடை பார்ப்பது வழக்கம். 1982இல் மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்துபோன பிறகு பதினைந்து சுற்று பன்னிரண்டாகக் குறைந்தது. அந்த 80களில்தான் எடை பார்ப்பதும் முந்தைய நாளுக்கு நகர்ந்தது. உடம்பு தேறுவதற்கு ஒரு நாள் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம். நடந்தது என்ன? ஒரு நாள் கிடைக்கிறதே என்று இன்னும் அதிகமாக வற்றவைக்க ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணத்தில் எழுதிய விதியை விளையாட்டு தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது.

இப்போது ரீஹைட்ரேஷன் நிபந்தனை அந்த ஒரு நாளையும் எடுத்துக்கொள்கிறது. வற்றவைப்பதை அது தடுக்கவில்லை. வற்றிய பிறகு நிரம்புவதைத் தடுக்கிறது. வெள்ளி மதியம் தராசைவிட்டு இறங்கியவன் ஒவ்வொரு வாய் தண்ணீரையும் எண்ணிக் குடிக்க வேண்டும், சனி காலை தராசைத் தாண்டும்வரை. அதற்குப் பிறகு மாலைக்குள் நிரப்பிக்கொள்ளலாம் என்பார்கள். தண்ணீர் வயிற்றுக்குள் போவது வேறு, தசைக்கும் மூளைக்கும் போய்ச் சேர்வது வேறு. நீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது கூடுதல் ஆபத்து என்று மருத்துவர்கள் பல காலமாக எச்சரிக்கிறார்கள். யூபேங்க் ஏப்ரலில் மூன்று நடுவர்களிடமும் 116-112 வாங்கி ஜெயித்தார். ஜெயித்தவரை அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு எடைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அப்போது 35 வயது, பன்னிரண்டு சுற்றும் விலகாமல் நின்று அடித்து அடி வாங்கினார். ஆனால் அதே நிபந்தனையோடு அதே ஆளை அதே மைதானத்தில் மறுபடி ஏற்றுகிறீர்கள்.

அவர்தானே கையெழுத்துப் போட்டார், கோடிக்கணக்கில் வாங்குகிறாரே என்ற வாதம் எங்கள் ஆட்களிடமும் உண்டு. கையெழுத்துதான் என்றால் எதற்கும் போடுவார்கள். நல்ல தொகை கொடுத்தால் பதினைந்து சுற்றுக்குப் போடுவார்கள். வளையத்துக்குப் பக்கத்தில் மருத்துவர் வேண்டாம் என்ற தாளில்கூட ஒருவர் போடுவார். அப்படி ஓர் ஒப்பந்தம் உங்கள் மேசைக்கு வந்தால் இது இரு தரப்புக்குள் முடிந்த விஷயம் என்று ஒதுங்கிக்கொள்வீர்களா?

ஒதுங்க முடியாது என்று உங்கள் நாட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதை உங்களுக்கு நினைவுபடுத்துவதில் எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. 1991 செப்டம்பர் 21, ஒயிட் ஹார்ட் லேன். மைக்கேல் வாட்சனும் கிறிஸ் யூபேங்க் சீனியரும். பதினோராவது சுற்றில் வாட்சன் யூபேங்கைத் தரையில் உட்காரவைத்தார். எழுந்த யூபேங்க் அதே சுற்றின் கடைசியில் கீழிருந்து ஒரு குத்து விட்டார். பன்னிரண்டாவது சுற்றில் போட்டி நிறுத்தப்பட்டது. வாட்சன் சரிந்தார். வளையத்தருகே உயிர்காக்கும் ஏற்பாடு இல்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவைக்கு வசதி இல்லை. 40 நாள் கோமாவில் கிடந்தார். 1999இல் நீதிமன்றம் வாரியம்தான் பொறுப்பு என்றது. 2000 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. விதிகளை எழுதுபவர்கள் நீங்கள், அந்த விதிகளை நம்பித்தான் வீரன் வளையம் ஏறுகிறான், எனவே அவன்மேல் உங்களுக்குப் பொறுப்பு உண்டு என்பதுதான் அதன் சாரம். லண்டனில் இருந்த சொந்தக் கட்டடத்தை விற்றுவிட்டு நீங்கள் இடம் மாறிய கதை அந்த வழக்கின் தொடர்ச்சி. 2003இல் வாட்சன் லண்டன் மாரத்தானை ஆறு நாள் நடந்து முடித்தார். அவருக்கு அறுவை செய்த மருத்துவரும், அவரை வீழ்த்திய யூபேங்கும் கூட நடந்தார்கள்.

அந்த ஒயிட் ஹார்ட் லேன் இருந்த இடத்தில் எழுந்ததுதான் இப்போதைய டாட்டன்ஹாம் மைதானம். சனிக்கிழமை ஏறப்போவது அந்த யூபேங்கின் மகன். மகனின் எடையைப் பற்றி அப்பா ஏன் அப்படிக் கத்தினார் என்பது உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். சீனியர் பேசும் எல்லாவற்றையும் நான் தலையில் வைத்துக் கொண்டாடுபவன் இல்லை. மனிதர் வாயைத் திறந்தால் பாதி நாடகம். ஆனால் இந்த ஒன்றில் அவருக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் 1997இன் கடைசியில் சுமார் ஒரு மாத இடைவெளியில் மூன்று மாணவர்கள் எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து, உடம்பில் போதிய நீர் இருக்கும் நிலையில்தான் ஒருவருடைய மிகக் குறைந்த எடை எது என்று முடிவு செய்கிறார்கள். சிங்கப்பூரின் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி அமைப்பான ஒன் சாம்பியன்ஷிப்பில் 2015இல் மணிலாவில் ஒரு சீன வீரர் இறந்த பிறகு, எடை பார்க்கும்போதே நீர்ச் சோதனையும் உண்டு என்று கொண்டுவந்தார்கள். அதையும் ஏமாற்றுகிறார்கள் என்று புகார் இருக்கிறது. இருக்கட்டும். உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலோ போட்டிக்கு 30 நாள் முன்பே எடை பார்க்கிறது. அப்போது எல்லையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல், ஏழு நாள் முன்பு ஐந்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இவை எல்லாம் வற்றவைப்பதற்கு முன்னாலேயே ஆளைப் பிடிக்கும் ஏற்பாடுகள். 160க்கு வர முடியாத உடம்பு என்றால் ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை கேமராக்களுக்கு முன்னால் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். உங்கள் மேற்பார்வையில் நடக்கும் எந்தப் போட்டியிலும் ரீஹைட்ரேஷன் நிபந்தனையைத் தனி ஒப்பந்தத்தில் எழுத விடாதீர்கள். பெரியவனுக்கும் சிறியவனுக்கும் இடைவெளி அதிகமாகிறது என்று பட்டால் பயிற்சி முகாமிலேயே எடை பார்த்து, இந்தப் பிரிவு உனக்கில்லை என்று சொல்லுங்கள். அந்த எடைகளை வெளியிடுங்கள், ரசிகர்கள் முகம் பார்த்து ஜோசியம் சொல்லும் வேலை மிச்சமாகும். சனிக்கிழமை காலையும் தராசு வேண்டுமென்றால் அது உங்கள் தராசாக இருக்கட்டும். பக்கத்தில் உங்கள் மருத்துவர் நிற்கட்டும். இவர் உடம்பில் தண்ணீர் போதவில்லை, இன்று சண்டை இல்லை என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கட்டும். அறுபதாயிரம் டிக்கெட் விற்ற பிறகு யார் அப்படிச் சொல்வார் என்று கேட்பீர்கள். யாரும் சொல்லமாட்டார், தெரியும். அதனால்தான் முப்பதாவது நாளிலேயே பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, அபராதம் எதிராளியின் பைக்குப் போகக் கூடாது. எடை தவறியவனுக்கு அபராதம் வேண்டும், சந்தேகமே இல்லை. 2005இல் காஸ்டியோ மூன்றரை பவுண்டு கூடுதலாக வந்தும் கொராலெஸோடு சண்டை போட்டு நான்காவது சுற்றில் வீழ்த்தினார். 2024இல் ரயன் கார்சியா 3.2 பவுண்டு கூடுதலாக வந்து டெவின் ஹேனியை மூன்று முறை விழவைத்தார். (அந்த முடிவு பிறகு ஊக்கமருந்தால் ரத்தானது வேறு கதை.) இந்த மாதிரி ஆட்களுக்கும் 23 கிராம் ஆளுக்கும் வித்தியாசம் பார்க்க விதிக்குத்தான் தெரியும். ஒப்பந்தத்துக்குத் தெரியாது, அதற்கு எதிரியின் ஒவ்வொரு கிராமும் வருமானம். பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 100 கிராமில் பதக்கம் இழந்தபோது நாங்கள் எல்லோரும் கொதித்தோம். ஆனாலும் அது எல்லோருக்கும் பொதுவான மல்யுத்த விதி, அதில் யாரும் காசு பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கவில்லை. 2018இல் போலந்தில் மேரி கோம் நான்கு மணி நேரத்தில் இரண்டு கிலோ குறைத்துத் தங்கம் வென்றார் என்ற செய்தியை நாங்கள் வீரக்கதையாகத்தான் பரிமாறிக்கொண்டோம். எடை குறைப்பதில் சாகசம் பார்க்கும் ரசிகர்கள் இருக்கும்வரை புரமோட்டர்கள் அதை விற்கத்தான் செய்வார்கள். வெள்ளிக்கிழமை எடை பார்ப்பதே இப்போது தனி நிகழ்ச்சி, அதையும் உட்கார்ந்து பார்க்கிறோம். நானும் பார்ப்பேன்.

இந்தச் சனிக்கிழமைக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது, அதை மாற்ற முடியாது என்று தெரியும். ஒரே ஒரு விஷயம் மட்டும் இப்போதும் உங்களால் முடியும். சனி காலை இருவரின் எடை என்ன, உங்கள் மருத்துவர் இருவரையும் பார்த்தாரா, என்ன சொன்னார் என்பதை மதியத்துக்குள் உங்கள் பெயரில் அறிவியுங்கள். புரமோட்டர் தரப்பிலிருந்து கசிந்து வரும் எண்ணை நம்பி எத்தனை காலம் பேசிக்கொண்டிருப்பது? அடுத்த போட்டிக்கான ஒப்பந்தத்தில் அந்த வரி வரும்போது சிவப்புப் பேனாவை எடுப்பீர்களா என்பதற்கும் பதில் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் போதும், நாங்கள் படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
விடியற்காலையில் விழித்திருக்கப் போகும் ரசிகன் ஒருவன்